கும்பினியும் நாளைய புதினமும்



பத்தாண்டுகளாக அமராவதிக் கரையில் தமிழ் வளர்க்கும் இவ்வட்டம் எனக்களித்த தலைப்பு, 'நாளைய உலகும் தமிழ்ப் புதினமும்' என்பதாகும். நாளையைப் பேச நேற்றிலிருந்து தொடங்குவதே முறை எனக் கருதுகிறேன்.

மேலை நாட்டில் 1980களில் 'சைபர்பங்க்' என்றொரு புனைகதை வகை தோன்றியது. 1982இல் வெளிவந்த 'பிளேடு ரன்னர்' திரைப்படத்தில் டைரல் என்னும் நிறுவனம் செயற்கை மனிதரைச் செய்து அடிமைப் பணிக்கு அனுப்புகிறது. வில்லியம் கிப்சன் 1984இல் எழுதிய 'நியூரோமான்சர்' புதினத்தில், அரசுகளை விஞ்சிய வணிகப் பேரமைப்புகளே ஓங்கி நிற்கின்றன.

அதே பத்தாண்டில் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். அதில் ஆள்வது நிறுவனமன்று. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் அரசு. பெயர்கள்கூட ஈரெழுத்துக்குள் அடங்க வேண்டும். பிள்ளை பெறவும் அரசின் இசைவு வேண்டும். இறுதியில் ஜீவா என்பது ஒளியால் அமைந்த வெற்றுருவம் என்பது தெரியவருகிறது. அக்கதை குறித்த ஆண்டுகள் இன்று நம்மைக் கடந்துவிட்டன.

ஏன் இவ்வேறுபாடு? சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். அன்று தொலைபேசியும் தொலைக்காட்சியும் அரசின் கையில் இருந்தன. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையின் நினைவும் ஆறவில்லை. அச்சத்தின் முகம் அரசின் முகமாக அமைந்தது இயல்பே.

ஆயினும், அரசாண்ட வணிக நிறுவனம் நமக்குப் புதியதன்று. 1600இல் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1639இல் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றது. 1765இல் வங்காளத்தில் வரி தண்டும் உரிமை கொண்டது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் நம் கோவைச் சீமையும் அதன் வசமாயிற்று. 1805இல் தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது ஒரு மன்னனின் ஆட்சியன்று. பங்குதாரர்க்கு ஆதாயம் பங்கிட்ட கம்பெனியின் ஆட்சி. நம் கதைப்பாடல்கள் அதனைக் 'கும்பினி' என்றன. 1874இல் அது கலைக்கப்பட்டது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. பனியன் தைக்கப் புறப்படும் பெண் இன்றும் 'கம்பெனிக்குப் போகிறேன்' என்றுதான் சொல்கிறாள்.

அவள் தைக்கும் ஆடையில் அயல்நாட்டு வணிகக் குறி ஏறுகிறது. விலையும் கெடுவும் அங்கே முடிவாகின்றன. அவள் கூலி அவ்விலைக்குள் அடங்கியாக வேண்டும். 'சுமங்கலித் திட்டம்' என்னும் மங்கலப் பெயரால் இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் நூற்பாலை விடுதிகளில் இருத்தி, முடிவில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன முறையையும் இம்மண்டலம் கண்டது. நாளைய புதினத்துக்கு வேண்டிய பொருள் நம் பேருந்து நிறுத்தத்திலேயே நிற்கிறது.

சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். கண்ணகிக்குத் தட்ட ஒரு வாயில் இருந்தது. சேதி சொல்ல வாயிலோன் இருந்தான். தவறுணர்ந்து உயிர்விட ஒரு மன்னன் இருந்தான். நிறுவனத்துக்குப் பெயருண்டு, முத்திரையுண்டு, சட்டம் தந்த ஆளுமையுண்டு; நாணித் தலைகுனிய முகமில்லை. ஜீவாவைப்போல் அதுவும் வெற்றுருவமே. இன்று உணவு கொண்டு தரும் இளைஞனுக்கு வேலையையும் கூலியையும் பகிர்ந்தளிப்பது கைபேசிச் செயலி. அவனுக்கு அநீதி நேர்ந்தால் யார் முன் சிலம்பை உடைப்பான்?

இவ்வினாவை எழுதுவதற்கு டைரலைக் கடன் வாங்க வேண்டுவதில்லை. தறியும் தையலும் அறிந்த இவ்வட்டாரத்து இளையோர்க்கே அவ்வுரிமை முதலில் உண்டு. இருபதாம் ஆண்டு விழாவில், அத்தகைய புதினமொன்று இம்மேடையில் வெளியிடப்பெற வேண்டும் என விழைந்து அமைகிறேன்.