ஐந்தாம் தரத்தோடு நின்றுவிடும் பிள்ளைகள்
(தோட்ட மகளிர் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அக்காமாரே, தங்கச்சிமாரே, பின்னால் நிற்கும் தோழர்களே,

புலமைப்பரிசில் பெறுபேறு வந்திருக்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளுக்கு மாலை போட்டோம். சந்தோஷம். மற்றப் பிள்ளைகள் லயத்து வாசலில் உட்கார்ந்து அழுகிறார்கள்.

என் தம்பியும் அப்படித்தான் அழுதான். நாலு புள்ளி குறைவு. “ஒனக்குப் படிப்பு ஏறாது” என்று அப்பா சொன்னார். வகுப்பிலும் அதையே சொன்னார்கள். பத்து வயதுப் பிள்ளை, நம்பிவிட்டான். ஒன்பதாம் தரத்தோடு கொழும்பில் கடை வேலைக்குப் போனான். இன்றைக்கு அந்தக் கடையின் கணக்கு முழுவதும் எழுதுவது அவன்தான்.

ஐரோப்பாவின் வடக்கே பின்லாந்து என்று ஒரு குளிர்நாடு. நல்ல பள்ளிக்கூடம் என்று பேச்சு வந்தால் அதன் பெயர் வரும். அங்கேயும் ஒருகாலத்தில் இதே கதைதான். பத்துப் பதினொரு வயதிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் பல்கலைக்கழகம் வரை போகிற பள்ளி, மறுபக்கம் சீக்கிரம் வேலைக்குப் போகிற பள்ளி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம் எந்தப் பக்கம் போனார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1972இல் அந்தப் பிரிப்பை நிறுத்தத் தொடங்கினார்கள். எங்கே தெரியுமா? வடகோடியில், லாப்லாந்தில். தலைநகரம் ஹெல்சிங்கிக்கு அது 1977இல்தான் வந்தது. இங்கே நல்லது எதுவும் கொழும்பில் இறங்கி மலையேறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். இலவசக் கல்வி 1945இல் வந்தது. நம் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில்.

இப்போது அங்கே ஏழு வயதில் முதலாம் வகுப்பு. அதிலிருந்து ஒன்பது வருடம் எல்லாப் பிள்ளைக்கும் ஒரேவிதப் பள்ளி. நாட்டுக்கே பொதுவான பெரிய பரீட்சை பதினெட்டு, பத்தொன்பது வயதில்தான். அதற்காகப் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுவதில்லை. ஒரு பிள்ளை பின்தங்கினால் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பாசிரியராக முதுமாணிப் பட்டம் வேண்டும்.

“அது பணக்கார நாடு, நமக்குச் சரிவருமா?” என்று ஒரு தோழர் கேட்டார். 1948இல் எல்லாப் பள்ளிப் பிள்ளைக்கும் இலவசப் பகல் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியபோது அவர்கள் பணக்காரர்கள் இல்லை. யுத்தத்தில் தோற்று, சோவியத் நாட்டுக்கு நட்டஈடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்டி முடிக்க 1952 ஆனது.

இன்னொன்று. ஜப்பானில் பள்ளிக்கூடம் கூட்டுவதும் சாப்பாடு பரிமாறுவதும் பிள்ளைகளே, ஆண்பிள்ளையும் சேர்த்து. நம் லயத்தில் மகள் தண்ணீர் சுமந்து முடிக்கிற நேரம் மகன் கொப்பியை மூடிவிட்டுப் படுத்துவிடுவான். அவளுக்கு எப்போது படிக்க நேரம்?

பரீட்சையை நாளைக்கே நாம் மாற்ற முடியாது. அதற்கு மகஜர் எழுதுவோம், அது வேறு வேலை. நம் கையில் இருப்பது சங்கத்தின் மாலை வகுப்பு. அதையும் நாம் ஐந்தாம் தரத்துக்கு மட்டும்தானே நடத்துகிறோம்? பரீட்சை முடிந்ததும் கதவைப் பூட்டிவிடுகிறோம். தோட்டத் தலைவரிடம் பேசிவிட்டேன். வருகிற மாதத்திலிருந்து ஆறாம், ஏழாம் தரத்துக்கும் வகுப்பு நடக்கும். உயர்தரம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவுக் கொப்பி இந்த மேசையில் இருக்கிறது. வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளின் தாய்மார் முதலில் வாங்க.