பகல் பட்டினியும் ராத்திரி மிக்ஸரும்

(தலைப்பு: உடல் எடையைக் குறைக்க நினைப்பவர் இரவுத் தீனியை வெல்லப் பெரிதும் தேவை மன உறுதியா? வீட்டு ஏற்பாடா? ‘வீட்டு ஏற்பாடே’ அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! ‘மன உறுதி, மன உறுதி’ என்று முழங்கிவிட்டு, இடைவேளையில் உளுந்தவடையைத் தேடிப் போன எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எங்கள் அணித் தோழர்களே! எதிரே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், மடியில் முறுக்குத் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! தட்டைக் கீழே வைக்க வேண்டாம். வைத்தாலும் விளம்பரம் வரும்போது எடுத்துவிடுவீர்கள்.

நடுவர் அவர்களே! நான் நாகமலை புதுக்கோட்டைக்காரன். என் வீட்டு மாடியில் நின்றால் நாகமலை பாம்பு போல நீண்டு படுத்திருப்பது தெரியும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து கீழக்குயில்குடி சமணர்மலை வரைக்கும் நடப்பேன். அடிவாரத்துத் தாமரைக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவேன். பார்க்கிறவர்கள், ‘வாத்தியார் உடம்பை எப்படிப் பேணுறாரு பாரு’ என்பார்கள். எட்டு மணிக்கு ஒரு டம்ளர் கேப்பைக் கூழ். மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய். சாயங்காலம் சர்க்கரை போடாத காபி. ராத்திரி ஏழரைக்கு ரெண்டு சப்பாத்தி. இது ஊருக்குத் தெரிந்த கணக்கு.

ஊருக்குத் தெரியாத கணக்கு ஒன்று உண்டு. அது ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தொடங்கும். விடைத்தாள் கட்டை எடுத்து வைப்பேன். பக்கத்தில் மிக்ஸர் டப்பா. ஒரு பையன், ‘சிலப்பதிகாரத்தை எழுதியவர் கோவலன்’ என்று எழுதியிருப்பான். அந்தத் துக்கத்துக்கு ஒரு கைப்பிடி. (சிரிப்பு) அடுத்தவன் சரியாக எழுதியிருப்பான். அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கைப்பிடி. (சிரிப்பு) நாற்பது தாள் முடியும்போது டப்பாவில் அடித்தூள்தான் மிச்சம்.

நாலு மாதம் நடந்தேன், ஐயா. எண்பத்துநாலு கிலோ இருந்தவன் எண்பத்தைந்து ஆனேன்! என் வீட்டம்மா பாவம், ‘டாக்டர் வீட்டுத் தராசு ரிப்பேரா இருக்கும்ங்க’ என்று எனக்காகத் தராசோடு சண்டை போட்டார்.

நூறு கிராம் மிக்ஸரில் ஏறக்குறைய 500 கலோரி. ஒரு நடுத்தர இட்லிக்கு 50, 60 கலோரி என்று வைத்தால், எட்டு இட்லி! யாராவது ராத்திரி பதினொன்றரைக்கு எட்டு இட்லி தின்பார்களா? தட்டில் வைத்தால் பயம் வரும். டப்பாவில் இருந்தால் பயமே வராது.

எதிரணியில் பேசிய சகோதரி மிக அழகாகச் சொன்னார்கள். ‘காந்தியடிகளுக்கு இருந்த மன உறுதி நமக்கு இருந்தால் போதும்’ என்றார்கள். அம்மா, நீங்கள் எடுத்துக் கொடுத்த அதே காந்தியை உங்களிடமே திருப்பித் தருகிறேன். 1915ஆம் ஆண்டு ஹரித்வார் கும்பமேளாவில் காந்தியடிகள் ஒரு விரதம் எடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை. இருட்டிய பிறகு உண்பதில்லை. கவனிக்க வேண்டும் நடுவர் அவர்களே! அவர் ஒவ்வொரு ராத்திரியும் அலமாரிக்கு முன்னால் நின்று ‘தின்னலாமா, வேண்டாமா’ என்று தம் மனசோடு மல்லுக்கட்டவில்லை. ஒரே முறை முடிவெடுத்தார். அதற்குத் தக்கபடி சாப்பாட்டு நேரத்தையே மாற்றினார். அதற்குப் பெயர் ஏற்பாடு! (கைதட்டல்)

நான் தினமும் நடந்து போகிறேனே சமணர்மலை, அங்கே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமண சிற்பங்கள் இருக்கின்றன. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்தெல்லாம் இருக்கிறது. சூரியன் மறைந்த பிறகு உண்ணாமை அவர்களுடைய அறம். சமண முனிவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு: உணவைச் சேர்த்து வைக்கக் கூடாது. அந்த மலையில் மன உறுதி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குகையில் மிக்ஸர் டப்பா இல்லை, ஐயா! (பலத்த சிரிப்பு) முற்றும் துறந்த முனிவரே, ‘பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே’ என்று விதி போட்டுக்கொண்டார். நாம் கட்டிலுக்கு அடியில் டப்பாவை வைத்துக்கொண்டு மன உறுதியைத் தேடுகிறோம்.

சரி, பதினொன்றரைக்கு அந்தப் பசி எங்கிருந்து வருகிறது? நான் சொல்கிறேன்: அது ராத்திரிப் பசியே இல்லை. பகலில் வாங்கிய கடன். ராத்திரி வட்டியோடு வந்து கதவைத் தட்டுகிறது.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஒரு சோதனை நடந்தது. ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் நடத்தினார். நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடு. என்ன ஆயிற்று? சமையலில் அக்கறையே இல்லாத ஆண்பிள்ளைகள் சமையல் புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள்! கனவிலும் சாப்பாடு, பேச்சிலும் சாப்பாடு. கட்டுப்பாடு முடிந்ததும் வயிறு நிரம்பியும் மனசு நிரம்பாமல் தின்று தீர்த்தார்கள். கொள்கைக்காகப் போருக்குப் போக மாட்டேன் என்று மறுத்து நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கா மன உறுதி இல்லை? வயிற்றைப் பட்டினி போட்டால் மனசு அதன் பின்னால்தான் ஓடும்.

இன்னொன்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வு. பன்னிரண்டு பேரை மங்கலான வெளிச்சத்தில், வெளியுலகத்தின் பகல் இரவு தெரியாமல் வைத்துப் பார்த்தார்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரப்படி, பசி காலை எட்டு மணி வாக்கில் ரொம்பக் குறைவு. ராத்திரி எட்டு மணி வாக்கில் உச்சம். காலையில் கூழோடு நிறுத்திக்கொள்வது ஏன் சுலபமாக இருக்கிறது தெரிகிறதா? அது என் தவவலிமை இல்லை, கடிகாரம்! அந்தக் கடிகாரம் ராத்திரி மணியடிக்கும்போது, பகல் பட்டினியும் சேர்ந்துகொண்டால் மனுஷன் என்ன செய்வான்?

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004இல் சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாளோடு ஒப்பிட்டால், பசியைத் தூண்டும் சுரப்பு 28 சதவீதம் கூடியது. ‘போதும்’ என்று சொல்லும் சுரப்பு 18 சதவீதம் குறைந்தது. ஆக, விழித்திருக்கிறவன் தின்கிறான். தின்றவன் தூங்காமல் புரள்கிறான். தூங்காதவன் மறுநாளும் தின்கிறான்.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் நிறுத்தவில்லை, நடுவர் அவர்களே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டப்பா மூடியைச் சத்தமில்லாமல் திறப்பது ஒரு கலை. பெருவிரலை மூடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். ஒரு நாள் மூடி கைதவறி ‘டங்’ என்று விழுந்தது. விளக்கு எரிந்தது. என் வீட்டம்மா நிற்கிறார். வாயில் மிக்ஸர், பேசவும் முடியாது, விழுங்கவும் முடியாது. (சிரிப்பு) திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ‘கேட்டா நான் குடுக்க மாட்டேனாங்க? எதுக்கு இப்படி இருட்டுல?’ என்றார்.

முப்பது வருஷமாக நான் மாணவர்களைக் கேள்வி கேட்கிறவன். அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. விடிய விடிய யோசித்தேன். எதுக்கு இருட்டில்?

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறோம். அது இன்றைக்கு வந்த பேர் இல்லை. பகல் கடைக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைக்கு அல்லங்காடி என்று பெயர் வைத்த ஊர். 782 அடி கொண்ட மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் ராத்திரி மதுரையைச் சாமம் சாமமாகக் காட்டுகிறார். முதல் சாமம் கழிகிறது. கடைகளை அடைக்கிறார்கள். அடையும் மோதகமும் விற்கிற கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார்கள். பாருங்கள், அந்தக் காலத்தில் பலகாரக் கடைக்காரனாவது தூங்கினான். இந்தக் காலத்தில் அவனும் தூங்குவதில்லை, நாமும் தூங்குவதில்லை. செல்போனில் தட்டினால் ராத்திரி பன்னிரண்டுக்குப் புரோட்டா வாசலுக்கு வருகிறது!

என் தகப்பனார் பஞ்சாலைத் தொழிலாளி. ரெண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு வரும்போது நடுராத்திரி தாண்டிவிடும். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். நாங்கள் திரும்பும்போது ஆலைக்குப் போயிருப்பார். பிள்ளைகளைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது அந்த நடுராத்திரிதான். சம்பள நாளில் வாழை இலையில் கட்டிய புரோட்டாப் பொட்டலம் கொண்டுவருவார். சால்னா வாசத்துக்கே நாலு பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். கண்ணை மூடிக்கொண்டே வாயைத் திறப்போம். அவர் பிய்த்துப் பிய்த்து ஊட்டுவார். ‘இன்னைக்கு என்னடா படிச்சே?’ என்று கேட்பார்.

ஐயா, எனக்கு ராத்திரிச் சாப்பாடு என்றால் அப்பா. அதுதான் விஷயம். பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். வீட்டம்மா பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறார். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. அந்த நேரத்தில் என் கை டப்பாவைத் தேடியது மிக்ஸருக்காக இல்லை. யாராவது ‘இன்னைக்கு என்ன படிச்சே’ என்று கேட்க மாட்டார்களா என்றுதான்.

அந்த அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை நோயால் வலது பாதத்தை எடுத்தார்கள். எனக்கு இப்போது ஐம்பத்தாறு. எனக்கும் சர்க்கரை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தப் பத்துக் கோடியில் நான் ஒருவன். எனக்கு இருப்பது ரெண்டு பாதம்தான். (அமைதி)

அதற்குப் பிறகு என் வீட்டில் செய்த ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். முதலில், வெள்ளரிக்காய் விரதத்தை விட்டோம். காலையில் மூன்று இட்லி, சாம்பார். மத்தியானம் அளவாய்ச் சோறு, நிறையக் காய், ஒரு கிண்ணம் பருப்பு. நாலரை மணிக்குச் சுண்டல். ஏழரைக்கு வயிறு ஆற ஒரு சாப்பாடு. பகல் கடன் தீர்ந்தது. ராத்திரி தட்டுகிறவன் பாதியாய்க் குறைந்தான்.

ரெண்டாவது, டப்பா வீட்டை விட்டுப் போனது. விருந்தாளி வந்தால் அன்றைக்கு நூறு கிராம் வாங்குவது, அன்றைக்கே தீர்ப்பது. சமண முனிவர் சொல்லிக்கொடுத்த பாடம். மூன்றாவது, விடைத்தாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாறியது. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிடுகிறோம்.

நாலாவதுதான் பெரிய ஏற்பாடு. சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் நானும் வீட்டம்மாவும் மொட்டைமாடியில் உட்காருகிறோம். செல்போன் கீழே இருக்கும். அவர் கேட்பார், ‘இன்னைக்கு என்ன பாடம் நடத்துனீங்க?’ என்று. நான் சொல்வேன். பாதியில் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். என் மாணவர்களுக்கும் அப்படித்தான்! (சிரிப்பு, கைதட்டல்)

எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. நடுவில் தவறவில்லையா? தவறினேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரைப் பார்க்க ராத்திரி முழுக்க விழித்திருந்தபோது புரோட்டாக் கடையில் உட்கார்ந்தேன். முன்பென்றால் ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று மறுநாள் பட்டினி கிடந்து, மறுபடி ராத்திரி தின்றிருப்பேன். இப்போது மறுநாள் காலை வழக்கம் போல மூன்று இட்லி. ஒரு நாள் தவறினதற்கு மறுநாள் பட்டினி தண்டனை என்றால், அந்தத் தண்டனையே அடுத்த தவறு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ராத்திரி வேர்த்து, கை நடுங்கிப் பசித்தால், அது நாக்குச் சபலம் இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே இனிப்பாக ஏதாவது எடுத்துக்கொண்டு, மறுநாள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ராத்திரி ராத்திரி அதிகமாகத் தின்னும் பழக்கத்தை 1955லேயே ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நோய்க்குறியாக எழுதியிருக்கிறார். அதற்கும் மருத்துவர் வேண்டும். ‘உனக்கு உறுதி இல்லை’ என்று அவர்களைக் குத்திக் காட்டாதீர்கள்.

வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வைத்தார். அந்தப் பத்துக் குறளில் மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. முன்னே உண்டது செரித்ததா பார், நன்றாகப் பசித்ததா பார், அளவு தெரிந்து உண் என்கிறார். பட்டினி கிட என்று சொல்லவில்லை ஐயா, நேரமும் அளவும் பார்த்து உண் என்கிறார். அது ஏற்பாடுதானே?

ஆகவே நடுவர் அவர்களே, மன உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உறுதியைப் பகலிலேயே, கடைக்காரன் மிக்ஸரை நிறுக்கும்போதே காட்டிவிடுங்கள் என்கிறேன். ராத்திரி பதினொன்றரைக்கு எந்த மனுஷனுக்கும் உறுதி இருக்காது. இருட்டில் யாராவது டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் விளக்கைப் போடுங்கள், திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்னைக்கு என்ன நடந்துச்சு’ என்று கேளுங்கள். வீட்டு ஏற்பாடே வெல்லும் என்று நல்ல தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)