சீருடைப் பணிக்கு நம் பிள்ளைகள் வரவேண்டும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளை படித்து முடித்தால் ஆசிரியர் ஆகலாம், அலுவலகத்தில் எழுத்தர் ஆகலாம் என்பதே நம் பெற்றோர் பலருடைய எண்ணம். இவ்விரண்டும் நல்ல பணிகளே. ஆயினும் இன்னொரு வாயிலும் நமக்குத் திறந்திருக்கிறது. காவல்துறை, சிறைத்துறை, தீயணைப்பு மீட்புப் பணித்துறை, 108 அவசர ஊர்தி ஆகியவையே அவ்வாயில். அதைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

காவல் நிலையம் என்றவுடன் நம் பெரியவர்களின் முகம் மாறுவதை நான் அறிவேன். அந்த அச்சம் காரணமின்றி வந்ததன்று. அண்டை மாவட்டமாகிய தருமபுரியின் வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் ஊரில் 1992 ஜூன் 20 அன்று நடந்த கொடுமையை நாடறியும். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் மீது வழக்கு நடந்தது. விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கொடுமை செய்தவர்கள் அரசு ஊழியர்கள். அவ்வழக்கைப் புலனாய்ந்து நீதிமன்றத்தின் முன் நிறுத்திய மத்தியப் புலனாய்வுத்துறையினரும் அரசு ஊழியர்களே. அதிகாரம் எவர் கையில் இருக்கிறது, அவர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று காட்டுகிறேன். தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக நுழைய முடியாதிருந்தது. 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல்துறை அதிகாரிகளும் உடன்நிற்க, பெரும் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர். சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த ஆண்டு எது தெரியுமா? 1947. சட்டம் பிறந்து எழுபத்தாறாம் ஆண்டில்தான் அது அந்த ஊரின் கோயில் வாசலை எட்டியிருக்கிறது! அன்று அவ்வாசலில் அணிவகுத்து நின்ற காவலர்கள் தம் கடமையைச் செய்தனர். அவர்கள் இல்லாதிருந்தால் சட்டம் ஏட்டிலேயே இருந்திருக்கும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். 1989இல் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது அச்சட்டம். அதன் கீழ் வரும் வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதி. புகார் கொடுப்பவர் வாயால் சொன்னதை எழுதியபின், கையொப்பம் பெறுவதற்கு முன் அவருக்கு அதைப் படித்துக் காட்டவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே தரவேண்டும் என்று 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகக் கூறுகிறது. நள்ளிரவில் அடிபட்டு வரும் எழுத்தறியாத ஒரு தாயின் புகாரை எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டுபவர் யார்? நிலைய எழுத்தர்தாம். அந்த நாற்காலியில் நன்கு படித்த, நேர்மையான, ஏழையின் மொழி அறிந்த ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். அவர் ஏன் நம் பிள்ளையாக இருக்கக்கூடாது?

சீருடை நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படையினர் பள்ளியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தவர். கல்வி அக்குடும்பத்துக்குள் படைவாழ்க்கையின் வழியாகவும் வந்தது என்பதை இக்கல்விச் சங்கத்தில் நினைவுகூர்வது பொருத்தமே.

ஏப்ரல் 14 அண்ணல் பிறந்த நாள். அதே நாளை நாடெங்கும் தீயணைப்போர் தியாக நாளாகவும் போற்றுகின்றனர். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டனர். எரியும் வீட்டினுள் நுழைபவர் உள்ளே இருப்பவரின் குலத்தைக் கேட்பதில்லை. தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளை, பிறர் உயிரைத் தன் தோளில் சுமந்து வருகிறான் என்றால் அதைவிடச் சிறந்த மறுமொழி தீண்டாமைக்கு வேறு என்ன இருக்கிறது?

2024 டிசம்பர் 1ஆம் நாளை இவ்வூரார் மறந்திருக்க மாட்டீர்கள். பெஞ்சல் புயலின் பெருமழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் பாறையும் மண்ணும் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். தீயணைப்பு வீரர்களும், காவலர்களும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் எந்நேரமும் மீண்டும் சரியக்கூடிய மலையின் கீழ் நின்று மண்ணைத் தோண்டினர். தீபத் திருநாளில் இலட்சக்கணக்கானோர் கூடும் இவ்வூருக்கு இத்தகைய பணியாளர் எப்போதும் வேண்டியவர்களே.

இனி வழியைச் சொல்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று பணிகளுக்கும் 1991இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமே ஆள் தேர்ந்தெடுக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொதுப்பிரிவினருக்கு 26 வயதுவரை. நமக்கு 31 வயதுவரை. ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர் என்றால் நமக்கு 167. அண்மைக்காலத் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தேர்வுக்கு 80 மதிப்பெண். அதில் நூற்றுக்கு நாற்பது பெறாதவரின் அடுத்த விடைத்தாள் திருத்தப்படுவதில்லை. முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 24, தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்கு 6 மதிப்பெண். விதிகள் மாறக்கூடும், ஒவ்வொரு முறையும் அறிவிக்கையை முழுதும் படியுங்கள்.

ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டும். நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. விடியற்காலையில் அப்பாதை உங்களுக்காகக் காத்திருக்கிறது. அறிவிக்கை வந்தபின் ஓடத் தொடங்குபவர் தோற்பார். பதினாறு வயதில் தொடங்குபவர் வெல்வார். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள். பட்டதாரிகள் உதவி ஆய்வாளர் தேர்வையும், தொகுதி ஒன்று தேர்வையும் நோக்குங்கள். மத்தியக் காவல் படைகளின் காவலர் தேர்வையும் 2024 முதல் தமிழிலேயே எழுதலாம்.

தங்கையரே, தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1973இல். 2010இல் லத்திகா சரண் காவல்துறைத் தலைமை இயக்குநரானார். முப்பத்தேழே ஆண்டுகளில் அந்த ஏணியின் உச்சி எட்டப்பட்டது. தயங்காதீர்கள்.

தம்பிமார்களே, உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதை என் உரையில் தலையாய பகுதியாகக் கொள்ளுங்கள். தேர்வில் வென்றபின் நடத்தைச் சரிபார்ப்பு உண்டு. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பணி கிட்டாது. ஐயத்தின் பயனைத் தந்து நீதிமன்றம் விடுவித்திருந்தாலும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலை கிடைத்திருந்தாலும், காவல் பணிக்கு அது தடையாகவே கொள்ளப்படுகிறது. வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அந்த மறைப்பே தனிக் குற்றமாகிவிடும். திருவிழாவில் ஒரு கைகலப்பு, சுவரொட்டிக்காக ஒரு சச்சரவு, நண்பனுக்காக ஒரு நாள் ஆத்திரம்: பத்தாண்டு உழைப்பு அங்கே அழிகிறது. நம் பிள்ளைகள் மீது பொய் வழக்குகளும் போடப்படுகின்றன. அத்தகைய வழக்கு வந்தால் “எப்படியும் விடுதலை ஆகிவிடும்” என்று வாளாவிருக்காதீர்கள். அன்றே வழக்கறிஞரை அணுகுங்கள். பொய் வழக்காயின் அதை நீக்கக் கோரி உயர்நீதிமன்றத்தை நாடுங்கள். இதற்குத் துணைநிற்பது இச்சங்கத்தின் கடமையாக வேண்டும். பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவேன் என்று வரும் தரகரை வாசற்படி ஏறவிடாதீர்கள். தாயின் தாலியை அடகுவைத்து ஏமாந்த குடும்பங்கள் பல.

பணியில் சேர்ந்தபின்னும் ஒரு கடமை உண்டு. நம்மவன் என்று ஒருவனைக் காப்பதும், மாற்றான் என்று ஒருவனை வதைப்பதும் நமக்கு இழைக்கப்பட்ட அதே அநீதிதான். நாம் கேட்பது சட்டத்தின் சமநிலை. அதை எல்லோருக்கும் வழங்குபவனே நம் சமூகத்தின் பெருமை.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுத் திட்டத்தில் மாலை வகுப்போடு ஓர் ஓட்டக்களத்தையும் சேருங்கள். சீருடையில் இருக்கும் நம் உறவினர் விடுப்பில் வரும்போது அங்கே அழைத்து வந்து பிள்ளைகளோடு பேசச் செய்யுங்கள். காவல் நிலையத்தைக் கண்டு நம் பாட்டனார் ஒதுங்கிப் போனார். பேரன் அதே படியேறித் தன் பெயரைப் பணிப்பதிவேட்டில் எழுதட்டும்.

வாழ்க அண்ணல் புகழ்! வளர்க நம் கல்விச் சங்கம்!