காக்காப்பொன்னில் தெய்வங்கள்



ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கைக் கிளியை நாம் எல்லோரும் சேவித்திருக்கிறோம். தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி. அலகுக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலை, கட்டுவதற்கு வாழைநார். கண்ணுக்கு? காக்காப்பொன்!

அதே காக்காப்பொன்னை, அதாவது மைக்காவை, மெல்லிய தகடாக உரித்து, 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் அதன்மேல் படம் எழுதினார்கள். தகடு நீரை உறிஞ்சாது. வண்ணம் ஊறாமல் மேலேயே நின்று பளிச்சிடும். அதனாலேயே எளிதில் உரிந்தும் போகும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சீமைக் காகிதத்தில் நீர்வண்ணப் படங்களும் எழுதினார்கள். வாங்கியவர்களில் பலர் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள். தசாவதாரம், ஆறுமுகன், ஐயனார் என்று தாள் தாளாகச் சேர்த்து, ஆல்பமாகக் கட்டிக் கப்பலேற்றினார்கள். இன்று அவற்றில் பல லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தின் தென்னிந்திய ஓவியங்களைப் பற்றி அன்னா தல்லாபிக்கோலா எழுதிய விரிவான நூல் 2010இல் வந்தது.

வெள்ளைக்காரனுக்கு விற்ற படத்தில் பக்தி ஏது என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்பமாட்டேன். பூஜைக்கான தஞ்சாவூர்ப் பலகைப் படத்துக்குப் பொன்ரேக்கும் கல்லும் துணை. ஆல்பத் தாளில் பெரும்பாலும் தூரிகைதான் எல்லாமே. சங்கையும் சக்கரத்தையும் கை மாற்றி எழுதியிருந்தாலும் வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் ஆயுதம், வாகனம், முத்திரை என்று மரபைக் காத்து எழுதினார்களே! அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது.

இந்தப் படங்களைப் படிக்கும் கண் நம்மிடம் இருக்கிறது, ஐயா. சாய்ந்த கொண்டையைப் பார்த்ததுமே ஆண்டாள் என்று சொல்லும் கண் அது. அர்ச்சகருக்கு உண்டு, மாலை தொடுப்பவருக்கு உண்டு, கிளி கட்டுபவருக்கு உண்டு. அந்த மியூசியங்களின் இணையதளத்தில் படங்களை யாரும் பார்க்கலாம்; ஆனால் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது.

தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் பி. எஸ். குமாரசாமி ராஜா. அவர் ஊரான இராஜபாளையத்தில் நின்று கேட்கிறேன்: அந்தப் படங்களைப் பெரிதாக அச்சிடுவோம். கோயிலில் கைங்கரியம் செய்பவர்களையும் நம் பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம் எழுதுவோம். முதல் கூட்டத்துக்கு அச்சுச் செலவு என்னுடையது. வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.