பாஸிங் ஆபீசரும் ரைபோசோமும்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

நான் படித்தது பி.காம். பார்த்தது வங்கிக் குமாஸ்தா வேலை. இவருக்கு உயிரியலில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இரண்டு. ஒன்று ஊர்ப்பாசம், இன்னொன்று நான் செய்த ஒரு தவறு.

முதலில் ஊர்ப்பாசம். நம் கடலூரிலிருந்து பஸ் ஏறினால் சிதம்பரம். 1952-ல் அங்கே பிறந்தவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவருடைய மூன்றாவது வயதில் குடும்பம் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தது. இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ரைபோசோம் என்றால் என்ன? உயிருள்ள செல்லில் புரதம் தயாரிக்கும் இயந்திரம். அது தனி ஆள் இல்லை, கூட்டு. பாக்டீரியாவின் ரைபோசோமில் 50-க்கும் மேற்பட்ட புரதங்களும் 3 ஆர்.என்.ஏ. இழைகளும் உண்டு. நம்முடையதில் சுமார் 80 புரதங்கள். சிறிய பாதி, பெரிய பாதி என்று இரண்டு பகுதிகள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

கம்ப்யூட்டர் வராத கால வங்கியை நினைத்துப் பாருங்கள். செக்கை வாங்கி டோக்கன் கொடுப்பவர் ஒருவர், லெட்ஜரில் பற்று எழுதுபவர் ஒருவர், கையெழுத்தை ஒப்பிட்டுப் பாஸ் செய்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் கேஷியர். எந்த ஒருவரும் தனியாகப் பணம் கொடுத்துவிட முடியாது.

ரைபோசோமிலும் அப்படித்தான். மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.தான் செக். சிறிய பாதி அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் ஆர்.என்.ஏ. அந்த எழுத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். பொருந்தினால் பெரிய பாதி அந்த அமிலத்தைச் சங்கிலியில் கோக்கிறது. பாக்டீரியாவில் இது நொடிக்குச் சுமார் 20 முறை நடக்கும். சம்பள நாளில்கூட எங்கள் கிளை அந்த வேகம் கண்டதில்லை! கோக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.; புரதங்கள் பெரும்பாலும் அதை நிலைகுலையாமல் தாங்குகின்றன. தப்தரி இல்லாமல் கிளை ஓடுமா?

பல ஆன்டிபயாடிக் மருந்துகள் தாக்குவது பாக்டீரியாவின் இந்தக் கூட்டைத்தான். டெட்ராசைக்ளின், அமிலம் சுமந்து வருபவரை உள்ளே விடாது. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸிங் ஆபீசரின் கண்ணை மறைத்துத் தப்பான செக்கைப் பாஸ் செய்ய வைக்கும். அசித்ரோமைசின், சங்கிலி வெளியேறும் வழியை அடைக்கும். நம் ரைபோசோமின் அமைப்பு சற்று வேறு என்பதால் நாம் தப்பிக்கிறோம்.

இப்போது என் தவறு. நம் பிளாக்கிலேயே ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல். வீட்டில் மிச்சமிருந்த அசித்ரோமைசினை எடுத்துக் கொடுத்தேன். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். மாத்திரையை நம்பி, டாக்டரிடம் போவது இரண்டு நாள் தள்ளிப்போனது. அது டெங்கு. நல்லவேளை, தேறி வந்துவிட்டார்.

டெங்கு ஒரு வைரஸ். வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது. நம்முடையதை வைத்தே பிழைப்பு நடத்துகிறது. அந்த மாத்திரை எதைப் போய்த் தாக்கும்? உடம்பில் இருக்கும் மற்ற பாக்டீரியாவைத்தான். அதில் மருந்துக்கு அசையாதவை தப்பிப் பெருகும். நாளைக்கு நிஜமாகவே மருந்து தேவைப்படும்போது அது பலிக்காமல் போகலாம்.

கையெழுத்து இல்லாத வவுச்சரை ஒருநாளும் நான் மேலே அனுப்பியதில்லை. டாக்டர் கையெழுத்தே இல்லாத மாத்திரையை மட்டும் பாஸ் செய்துவிட்டேன். நம் வாட்ஸ்அப் குழுவில் "யாரிடமாவது அசித்ரோமைசின் இருக்கிறதா?" என்று இனி யாராவது கேட்டால், மாத்திரை கொடுக்காதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். நானும் கூட வருகிறேன்.