ஓட்டை மெலிதாக்கிய ஓரெழுத்து

ஜொகூரில் குளுவாங்கிலிருந்து கூலாய் வரை சாலையோரமெங்கும் நிற்கும் செம்பனை மரங்களுள் பெரும்பாலானவை 'தெனேரா' என்னும் கலப்பினத்தைச் சேர்ந்தவை. தடித்த ஓடுடைய டூராவைத் தாயாகவும், ஓடே இல்லாத பிசிஃபெராவைத் தந்தையாகவும் கொண்டு பிறக்கும் இம்மரத்தின் பழத்தில் ஓடு மெலிந்து சதை மிகுந்திருப்பதால், டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாக எண்ணெய் கிடைக்கிறது. தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிய நேயர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழத்தைக் குறுக்கே வெட்டி, கொட்டையைச் சுற்றி நார்வளையம் தெரிந்தால் அது தெனேரா என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஓட்டின் கனத்தை ஒரே மரபணு ஆள்கிறது என்பதைப் பெல்ஜியக் காங்கோவில் பைர்னார்ட், வாண்டர்வேயன் ஆகிய இருவரும் 1941-இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது. ஆனால் அம்மரபணு எது என்பது, மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ராஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலியோர் அமெரிக்க அறிஞர்களுடன் இணைந்து 2013-இல் 'நேச்சர்' இதழில் எழுதும்வரை விளங்கவில்லை.

செம்பனையின் ஒவ்வொரு உயிரணுவின் உட்கருவிலும் 16 இணை நிறப்புரிகளில் டி.என்.ஏ. எனும் நியூக்ளிக் அமிலம் அடங்கியுள்ளது. முறுக்கிய நூலேணி போன்ற அதன் இருபக்கக் கயிறுகள் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறிக் கோத்தவை. படிகளோ அடினைன் தையமினோடும், குவனைன் சைட்டோசினோடும் மட்டுமே சேரும் காரங்களால் ஆனவை. இக்காரங்களையே எழுத்துகள் என்பது வழக்கம். செம்பனையில் அவை ஏறத்தாழ 180 கோடி இணைகள். தேவையான பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற ஒற்றை இழை படியெடுத்து, தையமினுக்குப் பதில் யூராசிலை ஏற்று, உட்கருவைவிட்டு வெளியேறி ரைபோசோமை அடைகிறது. அங்கே மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில் புரதம் உருவாகிறது. ரைபோசோமும் பெரும்பகுதி ஆர்.என்.ஏ.வே என்பதை நேயர்கள் நினைவில் கொள்வது நல்லது.

ஓட்டு மரபணுவில் அவ்வறிஞர்கள் கண்ட பிறழ்வுகளுள் ஒன்றில், தையமின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் சைட்டோசின் அமர்ந்திருந்தது. அதனால் லியூசின் என்ற அமினோ அமிலம் வரவேண்டிய இடத்தில் புரோலின் வந்து சேர்ந்தது, மாறியது அவ்வளவே. ஆயினும் அந்த இடம் சாதாரணமானதன்று. இம்மரபணு ஆக்கும் புரதம் மீண்டும் உட்கருவுக்குள் சென்று, டி.என்.ஏ.வையே பற்றிக்கொண்டு பிற மரபணுக்களை இயக்கும் வகையைச் சேர்ந்தது. புரோலின் புகுந்ததோ பற்றும் அந்தப் பகுதியிலேயே. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இம்மரபணுவின் இரு பிரதிகளும் பிறழ்ந்தால் ஓடு உருவாவதில்லை, பெரும்பாலும் குலையும் முதிர்வதில்லை. ஒன்று மட்டும் பிறழ்ந்தால் தெனேரா. நலமான பிரதியும் பழுதான பிரதியும் ஒரே மரத்தில் சேர்ந்திருப்பதே இத்தனை எண்ணெய்க்கும் காரணம் என்பது வேளாண்மை வரலாற்றின் வியப்புகளுள் ஒன்றெனலாம்.

எழுத்தே மாறாமலும் கேடு நேர்வதுண்டு. திசு வளர்ப்பில் உருவான சில மரங்களின் பழம் உருத்திரிந்து எண்ணெய் குன்றுவதற்கு, கர்மா எனப் பெயரிட்ட டி.என்.ஏ. துண்டின்மீது இருக்க வேண்டிய மெத்தில் குறிகள் குறைவதே காரணம் என்று, அதே வாரியத்தினர் பங்கேற்ற ஆய்வு 2015-இல் காட்டியது. அதை விரித்துரைக்க இன்று நேரம் போதாது. மீண்டும் ஓட்டு மரபணுவுக்கு வருவோம். முன்பு மரம் காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கண்ட டூரா, தெனேரா வேறுபாட்டை இப்போது நாற்றின் சிறு இலைத்துண்டில் அம்மரபணுவைச் சோதித்தே கண்டுவிடலாம். அச்சோதனை ஜொகூரின் சிறுதோட்டக்காரர்களுக்கும் கட்டுப்படியாகும் விலையில் கிட்டுமானால், டூரா கலந்த நாற்றை அறியாமல் நட்டு இருபது ஆண்டுக்குமேல் குறைந்த எண்ணெயோடு காலந்தள்ளும் நிலை அவர்களுக்கு நேராது.