கடல் காற்றில் காசு போடலாமா?

 

"ஹஜ்ரத், நம் கடலில் காற்றாலை வரப்போகிறதாமே, பணம் போடலாமா?" தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்று வணிகர்கள் கேட்கும் கேள்வி இது. வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த காசு. எனவே நிதானமாகச் சிந்தியுங்கள்!

1991-ல் டென்மார்க்கின் வின்டபி கடலில் 11 காற்றாலைகளோடு பிறந்தது இத்தொழில். இன்று சீனாவும் பிரிட்டனும் இதில் முன்னணியில் நிற்கின்றன. ஆனால் 2023-ல் நடந்தது என்ன? பிரிட்டிஷ் அரசின் ஏலத்தில் கடல் காற்றாலைக்கு ஒரு நிறுவனம்கூட முன்வரவில்லை. அரசு வைத்த உச்ச விலை கட்டுப்படியாகவில்லை. அதே ஆண்டில் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் நிறுவனம் அமெரிக்காவின் நியூஜெர்சியில் இரண்டு பெருந்திட்டங்களைக் கைவிட்டது.

காற்று நின்றுவிட்டதா? இல்லை! பொருள்களின் விலை ஏறியது, வட்டியும் ஏறியது. காற்றாலைக்கு எரிபொருள் செலவில்லை. ஆனால் மின்சாரம் விற்றுக் காசு வருமுன்பே பெரும் முதல் கடலில் இறங்கிவிடுகிறது. அதில் பெரும்பகுதி வட்டிக் கடன். அல்லாஹ் இலவசமாகத் தந்த காற்றுக்கு வட்டி விலை வைத்துவிட்டது!

நம் நாட்டில் 2015-ல் கொள்கை வந்தது. 2024 ஜூனில் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் என்பது இலக்கு. அரசு கைகொடுக்காமல் இது கட்டுப்படியாகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? குஜராத்துக்கான டெண்டரும் 2025-ல் ரத்தாயிற்று.

கடலில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்கக் கூடாது என்று மதரஸாவில் ஓதினோம். பிடிபடாத காற்றுக்கும் அதே சட்டம்தான்! "காற்றாலையில் போடுங்கள், மாதம் இவ்வளவு நிச்சயம்" என்று ஒருவர் உங்கள் கடைக்கு வந்தால் வாசலிலேயே ஸலாம் சொல்லி அனுப்பிவிடுங்கள். போட்ட முதலுக்கு நிச்சயத் தொகை என்றால், எந்தப் பெயரில் வந்தாலும் அது வட்டிதான். லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு இருந்தால்தான் அது வியாபாரம்.

அப்படியானால் கைகட்டி நிற்பதா? கூடாது! அந்த 7,453 கோடியில் 600 கோடி, இரண்டு துறைமுகங்களைச் சீரமைக்கவே. இளைஞர்களே! வெல்டிங், மின்பணி, ஆழ்கடல் முக்குளிப்பு கற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கைத்தொழில் எந்தத் துறைமுகத்திலும் சோறு போடும். வணிகர்களே! படகு, உதிரிபாகம், உணவு சப்ளைக்குக் கூட்டு வியாபாரமாக அணிதிரள ஆயத்தமாகுங்கள். வேலை தொடங்கிய பிறகு முதல் போடுங்கள். ஜமாஅத்தார்களே! மன்னார் வளைகுடாவில் தூண் இறங்குமுன், மீனவர் வலை எங்கே விரியும் என்று அரசிடம் கேளுங்கள். அவர் எம்மதத்தவராயினும் நம் அண்டை வீட்டார்.

ஹலாலான ரிஸ்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் விசாலமாக்குவானாக! ஆமீன்.